பதினொன்று பத்தின் கோணம்

டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் மேசைமேல் நகர்த்தி வைத்து, "ஒரு கடிகாரம் வரைங்க சார். வட்டம் போட்டு நம்பர் எல்லாம் எழுதுங்க. பதினொண்ணு பத்து காட்டுற மாதிரி ரெண்டு முள்ளையும் போடுங்க, அவ்வளவுதான்" என்றார். கண்ணாடிக்கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையில் கம்பிகளை ஒட்டுவார்கள், குகை மாதிரி ஒரு மெஷினுக்குள் படுக்க வைப்பார்கள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு, முந்தின நாளிலிருந்து சாப்பாடு இறங்காமல் வந்திருந்தார் மனுஷன். போயும் போயும் கடிகாரம் வரையச் சொல்கிறார்கள். அதுவும் அவரிடம், முள்ளு டீச்சரின் புருஷனிடம்.

முள்ளு டீச்சர் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தேர்வு அறையின் மேற்பார்வையாளர் மாதிரி உட்கார்ந்திருந்தாள். உதட்டை இறுக்கி மூடியிருந்தாள். விடை தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய சித்திரவதை என்று அவருக்குத் தெரியும்.

வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அவள் ஒரு பயிற்சி நிலையத்தில் கணக்கு நடத்தினாள். ரயில், படகு, தொட்டிக்குள் தண்ணீர் விடும் குழாய் எல்லாமே நடத்துவாள் என்றாலும், கடிகார முட்களுக்கு இடையே உள்ள கோணம் என்றால் ஊரில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. எந்த நேரத்தைச் சொன்னாலும் கேட்டவர் வாயை மூடுவதற்குள் டிகிரி வந்து விழும். அதனால்தான் முள்ளு டீச்சர் என்ற பெயர். அவள் நாக்கைப் பார்த்து வைத்த பெயர் என்று உடன் வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். அதையும் மறுப்பதற்கில்லை.

அவர்கள் கல்யாணமே ஒரு கடிகாரத்தில்தான் ஆரம்பித்தது. அப்போது அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடை புதிது. பெயர்ப் பலகையின் மூலையில், எதற்கென்றே தெரியாமல், பெயின்டர் ஒரு கடிகாரத்தையும் வரைந்து வைத்திருந்தான். சின்ன முள் மூன்றில், பெரிய முள் ஆறில். கண்ணாடிக்கு ஃபிரேம் பார்க்க வந்த ஒரு பெண் வாசலிலேயே நின்று அதை முறைத்துப் பார்த்தாள். "இந்த நேரம் உலகத்துலயே கிடையாதுங்க" என்றாள். இவர் திருதிருவென்று விழித்தார். "மூணரைன்னா சின்ன முள்ளு மூணுக்கும் நாலுக்கும் நடுவுல வந்திருக்கணும். பெரிய முள்ளு நடக்க நடக்க சின்னதும் கூடவே நடக்கும்ல? இது என்னவோ மூணுலயே சண்டை போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு. தொண்ணூறு டிகிரி இல்ல, எழுபத்தஞ்சு." மறுநாளே பெயின்டரைக் கூப்பிட்டுச் சின்ன முள்ளை நகர்த்தி வரையச் சொன்னார். பெயின்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அடுத்த வாரம் கண்ணாடியை வாங்க வந்தவள் பலகையைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் இவர் விழுந்தவர்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் அவர்கள் மணி சொல்லிக்கொள்வது கிடையாது, கோணம்தான். காலை ஆறு மணிக்கு நேர்கோடு என்று பெயர். "நாளைக்கு என்னை நேர்கோட்டுக்கு எழுப்பி விடுங்க" என்பாள். இரவு கடையைச் சாத்திவிட்டு ஒன்பதுக்கு வர வேண்டும் என்றால் "தொண்ணூறுக்கு வந்துடுங்க." மத்தியானம் ஒரு மணி தாண்டி இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் நேரம் அவர்கள் சாப்பிடும் நேரம். கோணமே இல்லாததால் அதன் பெயர் சுழி. யாராவது விருந்தாளி கூட இருந்தால் இந்த வீட்டில் இருப்பவர்களுக்குக் கழன்றுவிட்டது என்றே நினைப்பார். அவருக்கும் டிகிரி புதிதல்ல. பார்வையில் கோணல் இருப்பவர்களுக்கு லென்ஸை எந்தச் சாய்வில் பொருத்த வேண்டும் என்று கண் டாக்டரின் சீட்டில் டிகிரி போட்டுத்தான் எழுதி வரும். அதைப் பார்த்துப் பார்த்து அவர் கண்ணுக்கே அளவு பழகியிருந்தது. ஆனாலும் கணக்கு என்று வந்துவிட்டால் அவள் சொன்னதுதான். அதில் அவருக்கு ஒரு பெருமையும் உண்டு.

இப்படிப்பட்ட வீட்டில்தான் மறதி புகுந்தது. முதலில் பால் பாத்திரம் கருகியது. அவள் பயிற்சி நிலையத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, "அடுப்பைப் பத்த வெச்சுட்டு அப்படியே கடைக்குக் கிளம்பிட்டீங்களா? கொஞ்சம்கூட நினைப்பு வேண்டாமா?" என்றாள். அடுப்புப் பக்கம் போனதாகவே அவருக்கு நினைவில்லை. அதைச் சொன்னார். "அதுதாங்க எனக்குப் பயமா இருக்கு. நினைவே இல்லங்கறீங்க பாருங்க" என்றாள். பிறகு கடைச்சாவி ஃபிரிட்ஜில் காய்கறித் தட்டுக்கடியில் கிடைத்தது. குழாயைத் திறந்து விட்டதில் கூடமெல்லாம் தண்ணீர் நின்றது. ஒரு குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்திருந்தது. சமைத்தது அவள்தான் என்றாலும், "நீங்க வந்து ருசி பாத்துட்டு ஒரு கை போட்டிருக்கீங்க, அப்புறம் மறந்துட்டீங்க" என்று தீர்ப்பு வந்தது. எதையும் செய்த நினைவு அவருக்கு இல்லை. செய்த நினைவு இல்லாமல் போவதற்குப் பெயர்தானே மறதி? இதில் வாதாட என்ன இருக்கிறது? அவள் தப்பாகச் சொல்கிறாளோ என்ற எண்ணம் ஒரு தடவைகூட அவருக்கு வரவில்லை. சூரியன் தப்பான பக்கம் உதித்துவிட்டதோ என்று யாராவது சந்தேகப்படுவார்களா?

பயம் மெல்ல மெல்ல அவரைத் தின்றது. கடையில் ஒவ்வொரு லென்ஸையும் மூன்று தடவை சரிபார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ஏதோ அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார். வெளியூரில் இருக்கும் மகள் போனில், "அப்பா, அம்மா சொல்றதைக் கேட்டு ஒரு தடவை டாக்டரைப் பாத்துடுங்கப்பா, எனக்காக" என்று அழுதாள். மகளே அழுதபிறகு இவருக்கு என்ன பிடிவாதம் வேண்டியிருக்கிறது. இந்த அறைக்குள் வந்ததும், "என்னென்ன மறக்கறார்?" என்று டாக்டரம்மா கேட்டதற்கு டீச்சர் கேள்வித்தாளைப் படிப்பது மாதிரி வரிசையாகச் சொன்னாள். அவர் தலைகுனிந்து, ஆமாம் ஆமாம் என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

இப்போது பென்சிலை எடுத்து வட்டம் போட்டார். வட்டம் ஒரு பக்கம் நசுங்கியது. எண்களை எழுதினார். ஆறும் ஏழும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டன. பெரிய முள்ளை இரண்டுக்கு நேராக இழுத்தார். சின்ன முள்ளைப் பதினொன்றில் வைக்கப் போனவர், பலகையும் பெயின்டரும் நினைவுக்கு வந்து, பதினொன்றைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி வைத்தார். டாக்டரம்மா தாளை வாங்கிப் பார்த்தார். "அட, சின்ன முள்ளைக்கூடத் தள்ளி வெச்சிருக்கீங்களே! எல்லாரும் பதினொண்ணு மேலயேதான் வெப்பாங்க. யார் சொல்லிக் கொடுத்தா?"

"அவங்கதான்" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். உடம்பெல்லாம் லேசான மாதிரி இருந்தது.

"எண்பத்தஞ்சு டிகிரி" என்றாள் டீச்சர். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "பதினொண்ணு பத்துக்கு எண்பத்தஞ்சு. ஆனா இவர் போட்டிருக்கறதைப் பாருங்க டாக்டர், ஆறும் ஏழும் ரயில்ல இடம் பிடிச்ச மாதிரி இடிச்சுக்கிட்டு நிக்குது. வட்டமா இது? அடிபட்ட தட்டு மாதிரி நெளிஞ்சு கிடக்கு. இங்க கொடுங்க, நான் போட்டுக் காட்டறேன்." டாக்டரம்மா சிரித்துக்கொண்டே தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

டீச்சர் வட்டம் போட்டாள். ஒரே இழுப்பு. காம்பஸ் வைத்தாலும் அப்படி வராது. எண்கள் அத்தனையும் அளந்து வைத்த மாதிரி வந்து உட்கார்ந்தன. நடுவில் புள்ளி வைத்து, சின்ன முள்ளை நேரே பதினொன்றின்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு பெரிய முள்ளைப் பத்தின்மேல் நிறுத்தினாள். கீழே அழகான கையெழுத்தில் 85 என்று எழுதி, டிகிரிக்கான சின்னச் சுழியையும் மேலே போட்டு, பென்சிலை வைத்தாள்.

கண்ணாடிக்கடைக்காரர் அதைப் பார்த்தார். விளையாடுகிறாள் என்று முதலில் நினைத்தார். மாணவர்களைச் சிக்க வைக்க அவள் வேண்டுமென்றே தப்பாக ஒன்றைப் போட்டுவிட்டு யார் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்பது உண்டு. இப்போது சிரிப்பாள், இப்போது "எங்க தப்புன்னு சொல்லுங்க பாப்போம்" என்பாள் என்று அவள் முகத்தையே பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. நல்ல பிள்ளை மாதிரி டாக்டரம்மாவைப் பார்த்து, "இப்படி இருக்கணும்" என்றாள். அவர் மறுபடி தாளைப் பார்த்தார். பத்திலிருந்து பதினொன்றுக்கு முப்பது டிகிரி. அதற்குக் கணக்கே வேண்டாம், கண்ணே சொல்லும். முப்பது டிகிரியை வரைந்துவிட்டு அதன் கீழே எண்பத்தைந்து என்று எழுதியிருக்கிறாள். சின்ன முள் அசையாமல் பதினொன்றின் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. அப்படி ஒரு நேரம் உலகத்திலேயே கிடையாது.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்தபோது டாக்டரம்மாவின் பார்வை அவர்மேல் இருந்தது. அந்த முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. டாக்டரம்மா மணியை அழுத்தி நர்ஸைக் கூப்பிட்டு, "டீச்சரைக் கூட்டிட்டுப் போய் பிரஷர் பாத்துடுங்க. கூட வர்றவங்களுக்கும் பாக்கறது நல்லதுதானே" என்றார். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே டீச்சர் எழுந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"சார், அந்த அடுப்பு, சாவி இதெல்லாம் நீங்கதான் செஞ்சீங்கன்னு யார் சொன்னது?"

"அவங்கதான்."

"நீங்க செஞ்சதை வேற யாராவது பாத்தாங்களா?"

வீட்டில் இருப்பது இரண்டே பேர். டாக்டரம்மா மெதுவாகப் பேசினார். ஒரு படத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது, எத்தனையோ காரணம் இருக்கலாம், சிலதைச் சரிசெய்யவும் முடியும், சீக்கிரம் பார்ப்பதுதான் முக்கியம் என்றெல்லாம் சொன்னார். "அடுத்த வாரம் ரெண்டு பேரும் வாங்க. ஆனா அப்ப நீங்க கூட வர்றவர். புரியுதுங்களா? நான் சொல்றதைவிட நீங்க எடுத்துச் சொன்னா அவங்க கேட்டுக்குவாங்க." அவர் தலையாட்டினார். சொற்கள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை.

உள்ளே வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கருகிய பாத்திரம், சாவி, குழாய், இரட்டை உப்பு என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, அவரை விட்டு விலகி, எதிர்ப் பக்கத்தில் போய் நின்றது. கொஞ்ச நாளாகவே அவள் கோணம் சொல்வதை விட்டுவிட்டாள். "ஒன்பது மணிக்கு வாங்க" என்று ஊரார் மாதிரி சொல்கிறாள். கூடத்துச் சுவர்க்கடிகாரத்தைப் பார்க்காமல் போனை எடுத்து எண்ணைப் பார்க்கிறாள். தன்னுடைய மறதியால் வெறுத்துப்போய் விளையாட்டை விட்டுவிட்டாள் என்றல்லவா அவர் நினைத்திருந்தார்? இதன் நடுவே, தனக்கு ஒன்றும் இல்லை, தன் மூளை சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு நிம்மதி குபீரென்று எழுந்தது. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்காக அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கதவு திறந்து டீச்சர் வந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தால் யாருக்கும்தான் புரியும். அவளுக்கும் புரிந்தது, அவளுக்குத் தெரிந்த வழியில். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வந்து அவர் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க. எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்" என்றாள்.

பேருந்தில் அவரை ஜன்னலோரமாக உட்கார வைத்து, தான் வழிப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள். குழந்தை இறங்கி ஓடிவிடும் என்பது மாதிரி அவர் மணிக்கட்டை விடவே இல்லை. கொஞ்ச தூரம் போனதும், "டாக்டர் என்ன சொன்னாங்க? மறைக்காதீங்க" என்றாள்.

"அடுத்த வாரம் வரச் சொன்னாங்க."

"அது சரி. வேற?"

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும். நீ போட்ட படம் தப்பு, நாலு சொல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளிடம் கணக்கு தப்பு என்று அவர் சொன்னதே இல்லை, சொல்ல வேண்டி வந்ததும் இல்லை. எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பயப்படாதீங்க" என்றாள் அவள். சட்டென்று அவள் குரல் கம்மியது. "நீங்க எல்லாத்தையும் மறந்தாலும் பரவாயில்ல. என்னையே மறந்தாலும் பரவாயில்ல. நான் சொல்லித் தர்றேன். எனக்கு ஞாபகம் இருந்தா ரெண்டு பேருக்கும் போதும்ல? நான் இருக்கேன்ல?"

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அதை அவள் பயம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டிக்கொடுத்தாள்.

அவர்கள் நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்திலேயே அவள் எழுந்தாள். "இறங்குங்க, இறங்குங்க" என்றாள். அவர் பின்னாலேயே இறங்கினார். பேருந்து போனபிறகு அவள் நடைபாதையில் நின்று, மூடியிருந்த மருந்துக் கடையையும் தையல் கடையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறார். அப்போது அதை யோசனை என்று நினைத்தார். கொஞ்சம் பொறுத்து, "வேணும்னுதான் இங்க இறங்கினேன். நாலு அடி நடந்தா உங்களுக்கு நல்லது" என்றாள். எதற்கும் அவளிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. காரணம் கண்டுபிடிக்கிற மூளைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவர் தற்செயலாக நடப்பது மாதிரி அரையடி முன்னால் நடந்து வழிகாட்டினார்.

அன்று மாலை அவரைக் கடைக்கு அனுப்ப அவள் மறுத்துவிட்டாள். வீட்டில் தனியாக விடவும் மனசில்லை. "என் வகுப்புல வந்து கடைசி பெஞ்சுல உக்காருங்க. கண் முன்னால இருந்தாத்தான் எனக்கு நிம்மதி" என்றாள். அவள் வகுப்பில் அவர் உட்கார்ந்ததே இல்லை. மாடியில் நீள அறை, வரிசையாக பெஞ்சுகள், முழுக்க வேலை முடிந்து வந்தவர்கள். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்த துணிக்கடைப் பெண் முன்வரிசையில் இருந்தாள். கைகளில் கிரீஸ் கறையோடு ஒருவர், தூங்கி வழியும் இரவுக் காவலாளி ஒருவர். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆணியில் பெரிய மரக் கடிகாரம் ஒன்று தொங்கியது. முட்களைக் கையால் திருப்பிக் கணக்கு சொல்லிக் கொடுப்பதற்காக, அவரே மரப்பலகையை வட்டமாக அறுத்து வர்ணம் பூசிக் கொடுத்தது. அது சுவரைப் பார்த்துத் திரும்பித் தொங்கிக்கொண்டிருந்தது. பின்பக்கத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த காவலாளியிடம் அதைக் காட்டி என்ன என்று கேட்டார். "டீச்சர் இப்பல்லாம் படம் போட்டு நடத்தறதில்ல சார். ஃபார்முலா போதும், படம் டைம் வேஸ்ட்னு சொல்லிட்டாங்க."

பலகையில் டீச்சர் சூத்திரத்தை எழுதினாள். மணியை முப்பதால் பெருக்கு, நிமிஷத்தை ஐந்தரையால் பெருக்கு, பெரியதில் சின்னதைக் கழி. அவள் குரல் கணீரென்று இருந்தது. மூன்று இருபது என்றார் ஒருவர். இருபது டிகிரி என்றாள். எட்டு முப்பது? எழுபத்தைந்து. ஒன்பது நாற்பது? ஐம்பது. வகுப்பே வாயைப் பிளந்தது. அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் மனசுக்குள் சரிபார்த்தார். எல்லாம் சரி. ஒருவேளை காலையில் ஏதோ கைதவறி நடந்திருக்குமோ, பசி மயக்கமாக இருக்குமோ என்று ஒரு ஆசை தலைதூக்கியது. கழிக்கவும் பெருக்கவும் முடிகிற மூளைக்கு முள் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியாமல் போகுமா என்ன?

"இன்னிக்கு ஒருத்தர் எங்களைப் பதினொண்ணு பத்து கேட்டாங்க. நீங்க போடுங்க" என்றாள் டீச்சர். வகுப்பு குனிந்து எழுதியது. பாதிப் பேர் இருநூற்றெழுபத்தைந்து என்றார்கள், பாதிப் பேர் எண்பத்தைந்து என்றார்கள். துணிக்கடைப் பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், ஃபார்முலாவுல இருநூத்தி எழுபத்தஞ்சுதான் வருது. அது சுத்தி வர்ற பெரிய கோணமா, உள்பக்கச் சின்னக் கோணமான்னு படம் போட்டாத்தானே தெரியும்? ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்."

"முன்னூத்தறுபதுல கழிச்சா முடிஞ்சுது" என்றாள் டீச்சர்.

"முடிஞ்சுது டீச்சர், ஆனா புரியலையே."

நியாயமான கேள்வி. டீச்சர் பலகைப் பக்கம் திரும்பி ஒரே இழுப்பில் வட்டம் போட்டாள். யாரோ விசில் அடித்தார்கள். எண்களை எழுதினாள். நடுவில் புள்ளி வைத்தாள். புள்ளியிலேயே சாக்பீஸ் நின்றது. காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டே காத்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரருக்கு அவளுடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு இவ்வளவு தனியாக நின்று அவர் பார்த்ததில்லை.

அவள் திரும்பினாள். முகத்தில் வழக்கமான கிண்டல் இருந்தது. "என்னங்க, வாங்க இங்க. காலையில போட்டீங்கள்ல, அதை இங்க போட்டுக் காட்டுங்க. எங்க வீட்டுக்காரர்தான், யாரும் சிரிக்கக் கூடாது" என்றாள். எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எழுந்து நடந்தார். பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்கும்போதே ஒரு யோசனை வந்தது. காலையில் அவள் போட்ட மாதிரியே போட்டுவிட்டால்? பத்தின்மேல் முள்ளை வைத்துவிட்டு, ஐயோ மறந்துவிட்டேன் என்று தலையில் தட்டிக்கொண்டால் வகுப்பு சிரிக்கும், அவள் பெருமூச்சு விடுவாள், யாருக்கும் ஒன்றும் தெரியாது. மறதிக்காரன் என்ற பட்டம் அவருக்கு ஏற்கனவே பழகிப்போனதுதான். அடுத்த வாரம் வரைக்காவது அவள் நிம்மதியாக இருப்பாள். அந்தப் பட்டத்தைச் சுமக்க அவருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, சந்தோஷமாகவே சுமப்பார்.

சாக்பீஸுக்குக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள், ஆனால் விரல்களை எடுக்கவில்லை. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. வகுப்புக்கு முதுகைக் காட்டி, பலகையோடு ஒட்டி, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"பெரிய முள்ளு பத்துக்கா, ரெண்டுக்கா?"

அது மாணவர்களை மடக்குகிற கேள்வி இல்லை. அவள் கண்களைப் பார்த்தார். இவ்வளவு பயத்தை அந்தக் கண்களில் அவர் பார்த்ததே இல்லை. தெரியும், இவளுக்குத் தெரியும், எத்தனை நாளாகவோ தெரியும் என்று அவருக்குள் ஏதோ அலறியது. காலையில் விழுந்த இடியைவிட இது பெரியதாக இருந்தது. இதை வைத்துக்கொண்டா இவள் தனியாக வகுப்புக்கு வந்துபோனாள்? இதை வைத்துக்கொண்டா பேருந்தில் அவருக்கு ஆறுதல் சொன்னாள்?

பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ரெண்டுக்கு" என்றார், அவளைவிட மெதுவாக.

அவள் விரலை எடுத்தாள். அவர் சின்ன முள்ளைப் பதினொன்றைத் தாண்டி ஒரு மயிரிழை தள்ளி வைத்தார். பிறகு பெரிய முள்ளைப் புள்ளியிலிருந்து இரண்டை நோக்கி இழுத்தார். சாக்பீஸ் கிறீச்சிட்டது. அவள் அந்தக் கோட்டையே, அது முடிகிற வரைக்கும், தெரியாத ஊரில் வழி கேட்டவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப காலையில நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவர் சாக்பீஸை அவள் கையில் வைத்தார்.

"ஆ, இப்பப் புரியுது டீச்சர். உள்பக்கம் எண்பத்தஞ்சு, சுத்தி வந்தா இருநூத்தி எழுபத்தஞ்சு" என்றாள் துணிக்கடைப் பெண்.

"ஆமா. எழுதிக்கோங்க" என்றாள் டீச்சர். குரல் கணீரென்றுதான் இருந்தது. டஸ்டரை எடுத்தாள். அடுத்த கணக்குக்கு இடம் வேண்டும். மேலிருந்து துடைத்துக்கொண்டு வந்தாள். முப்பதால் பெருக்குவது போயிற்று, ஐந்தரையால் பெருக்குவது போயிற்று, இருநூற்றெழுபத்தைந்தும் எண்பத்தைந்தும் வெள்ளைப் புழுதியாகக் கீழே விழுந்தன. வட்டத்தின் விளிம்புக்கு வந்ததும் அவள் கை நின்றது. பலகை முழுவதும் வெறுமையாகக் கிடக்க, அந்த ஒரு கடிகாரம் மட்டும் பதினொன்று பத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அவள் டஸ்டரைக் கீழே வைத்துவிட்டு, ஆணியில் தொங்கிய மரக் கடிகாரத்தின் பக்கம் போய், அதை இந்தப் பக்கமாகத் திருப்ப முடியுமா என்று இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தாள்.